சுங்கை பத்துவின் செங்கல் மேடு

ஞாயிறு காலை 8.10க்குப் பாடாங் செராயிலிருந்து புறப்பட்டோம். நான், என் மகன் முகிலன், வாடகைக் கார் ஓட்டும் மணி. போக வர நூற்றிருபது மலேசிய வெள்ளி. முகிலனுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஞாயிறுக்கு ஏழு வாரங்களுக்கு முன் அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் லாரியில் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் நண்பன் தினேஷ் அங்கேயே இறந்துபோனான். அன்றிலிருந்து முகிலன் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி நாட்களில் கடாரம் என்றால் அவனுக்கு உயிர். அங்கே போனாலாவது வாய் திறப்பான் என்று நினைத்தேன்.

9.20. சுங்கை பத்து. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், வடக்கே ஜெராய் மலை. பௌத்த அரசர்கள் ஆண்ட பழைய தலைநகரம் இந்தப் பக்கம்தான் என்கிறார்கள். அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தகரக் கூரைகளுக்குக் கீழே முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள், அவ்வளவுதான். படகுத்துறை இருந்த இடத்தில் இன்று புல்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்க தாமான் குடியிருப்புல பாதியில நிக்கிற வீட்டக் காட்டியிருப்பேன் லா" என்றான் மணி.

வட்டமான மேடு ஒன்று தெரிந்தது. சோழர் கட்டிய சிவன் கோயில் என்றே நான் எண்ணியிருந்தேன். செருப்பைக் கழற்றி, வெற்றிலையில் கற்பூரம் வைத்து ஏற்றினேன். காவலர் மலாய் மொழியில் ஏதோ சத்தம் போட்டபடி வந்தார்.

"இங்க கொளுத்தக் கூடாதாம்க்கா" என்றான் மணி.

"இது சிவன் கோயில் இல்லமா."

முகிலனின் குரல்.

"ஸ்தூபி மாதிரி இருக்கு. செத்தவங்க எலும்பு, சாம்பல் வச்சு மேல கட்டுவாங்க."

நான் அவன் பக்கம் திரும்பிவிட்டேன். மணிதான் மண்ணள்ளிப் போட்டுக் கற்பூரத்தை அணைத்தான்.

"தினேஷ எங்கமா கரைச்சாங்க?"

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன எங்களை அந்த வீட்டார் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். கரைத்த இடம் பிறர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"தஞ்சோங் டாவாய்ல. ஆறு கடல்ல சேர்ற இடத்துல."

"போலாமா? ரெண்டு பூ போட்டுட்டு வந்துடறேன்."

"இருபது கிலோமீட்டர்கூட இல்லக்கா. எனக்குக் காசு வேணாம்" என்றான் மணி.

ஆற்றுமுகம் கண்முன் வந்தது. மரப்பாலம், ஆழமான நீர், விளிம்பில் என் மகன். ஏழு வாரமாக அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருப்பவள் நான்.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்யா. வண்டிய வீட்டுக்கு விடு தம்பி" என்றேன்.

"சரிமா" என்றான் முகிலன்.

10.50க்குக் கிளம்பி, நண்பகலில் வீடு சேர்ந்தோம்.

போக விரும்புகிறவர்கள் குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள், வெயில் கடுமை. நாங்கள் போய்வந்து பதினாறு நாள் ஆகிறது. "தஞ்சோங் டாவாய் போவோமாயா?" என்று தினமும் காலையில் நான்தான் கேட்கிறேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.