துக்க வீட்டில் சுட்ட கறி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். அட்டுவம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதி இருந்தார்கள். அதே பள்ளியில் ஆசிரியர்கள். சனிக்கிழமை வந்தால் தோட்டத்தில் கரி மூட்டி, கம்பி வலைமேல் இறைச்சி சுடுவார்கள். அதற்குப் பார்பிக்யூ என்று பெயர் என்பதே அவர்களால்தான் எனக்குத் தெரியும். கொடியில் காயும் என் துணியிலெல்லாம் புகை ஏறிவிடும். நான் முணுமுணுத்தால், அந்த அம்மா வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டிச் சிரிப்பார். என் முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது, ஆறுதல் சொல்லத் தமிழ் போதாமல், ஒரு பகல் முழுக்க என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் அவர்.

ஒரு மழைக்காலத்தில் நிமோனியா கண்டு அவர் இறந்துபோனார். காலையில் தூறலோடு அடக்கம் முடிந்தது. நான் ரசமும் சோறும் ஆக்கி எடுத்துக்கொண்டு, கணவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்து ஆட்கள் கேட்டருகே தயங்கி நின்றார்கள். உள்ளே தோட்டத்தில் அந்த அம்மாவின் கணவர், நாங்கள் துரை என்று சொல்பவர், இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்.

“எளவு வீட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டோம். இவரு என்னடான்னா கறி சுடுறாரு,” என்றார் பள்ளிச் சமையற்கார அம்மா. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

“வா, நாமளும் போயிருவோம்,” என்றார் என் கணவர்.

எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். மேசையில் தட்டுகள் அடுக்கியிருந்தன.

“எல்லாரும் ஏன் போறாங்க, டீச்சர்?” என்று கேட்டார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

“எங்க பக்கம் துக்க வீட்டுல கறி ஆகாதுங்க, சார்.”

அவர் கையிலிருந்த இடுக்கி தாழ்ந்தது. “எங்க ஊர்ல அடக்கம் முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சுடுவாங்க. அந்த வீட்டு ஆள் தனியா இருக்கக் கூடாது. இங்க யாரும் இல்ல. அதான் நானே சுட்டேன்.”

என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “தள்ளுங்க சார். நான் பாத்துக்கிறேன். நீங்க உக்காருங்க.”

அவருக்குக் கறி சுடத் தெரியாது. பாதி கருகிப்போயிற்று. அதைத் தின்றோம். துரை ரசம் சோற்றைக் கையால் பிசைந்து வாயில் வைத்தார். விழுங்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் துரை தன் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. கல்லறைத் திருநாளில் அந்த அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைக்க அங்கே எங்களை விட்டால் ஆளில்லை.