நாங்குநேரி நிறுத்தத்தில் அமெரிக்கக் கால்பந்து

நாங்குநேரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருநெல்வேலி பஸ்ஸை விட்டால் எனக்கு மதராஸ் ரயில் போச்சு, நாளைய நேர்காணலும் போச்சு. பக்கத்தில் ஒருவர் தன் மச்சான்கள் இருவரைக் குனிய வைத்திருக்கிறார். அமெரிக்காவில் கல்லூரிப் பையன்களுக்கு அந்த ஊர்க் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறவராம்.

"பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கதும் அதே ஆட்டம்தாம்லே. பந்து பஸ்ஸோட முன்வாசப் பக்கம் ஓடும். பந்து போகாத பக்கத்த விட்டாத்தாம்லே தோப்போம். பின்வாசல்ல ஏறுதவனத் தோளக் குடுத்து மறி. விசில் கேக்குற வரைக்கும் விடாத."

"பந்து எங்க அத்தான்?"

"இந்தத் துண்டுதாம்லே."

பஸ் வருகிறது. சின்ன மச்சான் முன்பக்கம் ஓடி, ஜன்னல் வழியே துண்டை எறிந்து சீட்டுப் பிடிக்கிறான். பிறகு அவனும் பின்வாசலுக்கே ஓடி வந்து, அங்கே ஏறப் போன என்னை அண்ணனோடு சேர்ந்து மறிக்கிறான். நான் முட்டுகிறேன். அந்த இரண்டு எருமைகளும் அசையவில்லை.

"வழிய விடுங்கலே, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு!"

"பொறுங்க அண்ணாச்சி, இன்னும் விசில் ஊதலல்லா?" என்கிறான் பெரியவன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். இருவரும் உடனே மரியாதையாக விலகி எனக்கு வழி விடுகிறார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது. அத்தான் கைதட்டுகிறார். ஜன்னலோரச் சீட்டில் அவர்களுடைய துண்டு மட்டும் திருநெல்வேலிக்குப் போகிறது.