தோற்றுப்போன நெல்லிக் கன்றுகள்

போன புதன்கிழமை காலை குப்பை கொட்டப் போனேன். தெருமுனைத் தொட்டியில், குப்பைக்கு மேலே, நெல்லிக் கன்றுகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல... இருபதுக்கும் மேலே இருக்கும். வேரோடு, மண்ணோடு, கறுப்பு பிளாஸ்டிக் பையோடு. பலவற்றில் இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. ஒவ்வொன்றின் தண்டிலும் கம்பியால் கட்டிய ஒரு தகரத் துண்டு. அதில் ஒரு சீரியல் எழுத்து, பக்கத்தில் ஒரு நம்பர்.

பூச்சி அரித்துச் செத்தவை அல்ல இவை. முந்தின நாள் சாயங்காலம் குலுக்கலில் தோற்றவை!

தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒரு லாட்டரி நிறுவனம். தனியார் கூட இல்லை, அரசாங்க லாட்டரி. எந்த அரசாங்கம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கொடி கட்டித் தொங்கும் சீட்டுகளில் பாதி மாநிலங்களின் பெயர் நம் வாயில் நுழையாது. அப்படி ஒன்று. அவர்களுக்கு நான்கு மாதம் முன்னால் சுற்றுச்சூழல் மீது திடீர்க் காதல் வந்துவிட்டது. தினமும் சீட்டை மலை மலையாக அச்சடிக்கிறார்கள். ரிசல்ட் வந்த அடுத்த நிமிடம் அத்தனையும் காலடியில் குப்பை. யாரோ மேலிடத்தில் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

உடனே ஒரு பசுமைத் திட்டம். பரிசு விழாத சீட்டு ஐம்பது கொண்டுவந்து கொடுத்தால் ஒரு நெல்லிக் கன்று இலவசம். வாங்கிய சீட்டெல்லாம் காகித ஆலைக்குப் போகும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. முதல் வாரத்திலேயே பஸ் ஸ்டாண்டு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இத்தோடு நிறுத்தியிருந்தால் நானே இந்தப் பத்தியில் நாலு வரி பாராட்டி எழுதியிருப்பேன்.

ஆனால் அவர்கள் லாட்டரிக்காரர்கள். குலுக்காமல் கை சும்மா இருக்குமா?

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் குலுக்கல். முதல் பரிசு மொபெட். ஒரே ஒரு கண்டிஷன் – பரிசு வாங்க வரும்போது கன்று உயிரோடு இருக்க வேண்டும். வேலூரில் இருக்கும் அவர்களுடைய மேனேஜர், தொடக்க விழா மேடையில் இதைச் சொல்லிவிட்டு அவரே கைதட்டிக்கொண்டார். "பரிசு ஆசையிலயாவது ஜனங்க தண்ணி ஊத்துவாங்க இல்லீங்களா?"

ஊற்றினார்கள். எந்தத் தண்ணீரை? என் கோபமெல்லாம் அங்கேதான்.

தோல் பதனிடும் டேனரிக் கழிவு பாலாற்றில் இறங்கி, எங்கள் கிணறுகளில் ஏறி வருஷக்கணக்காகிறது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கன்றுக்கு ஊற்றினால் ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகிவிடும். குடிக்கிற தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை லாரியில் வரும். வீட்டுக்கு நான்கு குடம். அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் கடைசி வீடு சகாயமேரியுடையது. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. கணவர் ஜெயராஜ் டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறார். ஆறு வயது மகள் ஷீலா போன மாதம்தான் மஞ்சள் காமாலை வந்து கொஞ்சம் தேறியிருந்தாள். காய்ச்சின நல்ல தண்ணீர் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஜெயராஜிடம் மூன்று கன்றுகள் இருந்தன. மூன்று கன்றென்றால் எத்தனை சீட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குப்பை பொறுக்கிச் சேர்த்ததல்ல, எல்லாம் சொந்தச் சீட்டு!

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் போனபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ற? அது கொழந்தைக்குக் காய்ச்ச வெச்ச தண்ணி!"

"மூணு சொம்பு தானே மேரி. உப்புத் தண்ணி ஊத்துனா கருகிப் பூடும். கன்னு செத்துட்டா நம்பர் வுழுந்தாலும் வண்டி குடுக்க மாட்டான்."

"வுழுந்தா தானே!"

"இந்தத் தடவ வுழும், பாரு."

தினம் மூன்று சொம்பு. நான்கு குடம் மூன்று நாளைக்கு எப்படிப் போதும்? ஒரு வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. சகாயமேரி ஓவர்டைம் போயிருந்தார். ஸ்கூல் விட்டு வந்த ஷீலா குடத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். காலி. தாகம் தாங்காமல் பின்பக்கத்து அடிபம்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டாள். ராத்திரியே வாந்தி, பேதி. மறுபடி ஆஸ்பத்திரி, மூன்று நாள் டிரிப்ஸ்.

போய்ப் பார்த்தேன். கையில் ஊசி குத்தி, நார் மாதிரிக் கிடந்தாள் குழந்தை. ஜெயராஜ் தலையைத் தூக்கவே இல்லை. அவரைத் திட்ட நினைத்துத்தான் போனேன், ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் குலுக்கல் வந்தது. மொபெட் எங்கேயோ போயிற்று. மறுநாள் காலையில் கன்றுகள் தொட்டிக்கு வந்தன. ஜெயராஜின் மூன்றும் அதில் அடக்கம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே பஸ் பிடித்து வேலூர் போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, போட்டோ ஆல்பத்தைக் காட்டினார். பசுமைப் பணிக்காகத் தலைமை அலுவலகம் அவருக்கு ஷீல்டு தரப்போகிறதாம்.

"கன்னு எத்தனை சார் உயிரோட இருக்கு?" என்றேன்.

"எல்லாமே டிஸ்ட்ரிப்யூட் ஆயிடுச்சுங்க."

"உயிரோட இருக்கான்னு கேட்டேன்."

"குலுக்கல் வரைக்கும் இருந்துச்சே சார்... கண்டிஷனே அவ்ளோதானே?"

டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். என்ன மனிதர்கள் இவர்கள்? மரம் என்றால் நிழல் தெரியவில்லை, காய் தெரியவில்லை. நம்பர் ஒட்டத் தோதாக ஒரு தண்டு தெரிகிறது. நம்பரை ஒட்டிய பிறகு அது மரமா, சீட்டா? தோற்ற சீட்டைக் கசக்கிப் போடு என்று இத்தனை வருஷமாக நம் ஜனங்களைப் பழக்கியவர்களே இவர்கள்தானே! கசக்கிப் போட்டுவிட்டார்கள். காகிதக் குப்பையை வாங்கிக்கொண்டு உயிருள்ள குப்பையைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு ஷீல்டு வேறு. ஆறு வயதுக் குழந்தையின் குடிதண்ணீரில் வாங்கிய ஷீல்டு.

திரும்பி வரும்போது சகாயமேரி கம்பெனி வேன் இறங்கி எதிரே வந்தார். ஷீலா எழுந்து கஞ்சி குடிக்கிறாளாம். "இந்த வாரம் கிழி கிழின்னு கிழிச்சு எழுதப் போறேம்மா" என்றேன்.

"நல்லா எழுதுங்க சார். அவங்களையும் எழுதுங்க, எங்க வூட்டு ஆளையும் எழுதுங்க. இன்னா பேஜார் பண்ணிட்டாங்க..."

இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"விழாவுல உங்களுக்கும் ஒரு கன்னு குடுத்தாங்களே சார்... உங்க மாடியில பாப்பேன். கொழுகொழுன்னு இருந்துச்சு. அதுக்கு இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கேட்டைத் திறந்து வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

என்ன தண்ணீரா? லாரி டிரைவருக்கு என்மேல் மரியாதை. 'பேப்பர்ல எழுதுற சார்' வீட்டுக்கு மட்டும் ஐந்து குடம் பிடித்துவிடுவார். மூன்று மாதமும் அந்த ஐந்தாவது குடத்தைத்தான் கன்றுக்கு ஊற்றினேன்.

லாரி கடைசியாக நிற்பது சகாயமேரி வீட்டு வாசலில். அங்கே நான்காவது குடம் எப்போதும் பாதிதான் நிறையும்.