அம்மா மடிக்காத பக்கம்

பல்கலைக்கழகத்தில் என் முதன்மைப் பாடம் புள்ளியியல். எழுத்து வெறும் துணைப்பாடம். ஆனால் மூன்று வருடமாக என் பிராணனை வாங்கியது அந்தத் துணைப்பாடம்தான். கடைசித் தாளுக்கு ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கைச் சித்திரம் எழுத வேண்டும். எழுதப்பட்டவரே அதைப் படித்துவிட்டு, 'இதில் உள்ளது உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை, மதிப்பெண் இல்லாவிட்டால் துணைப்பாடமே கைவிட்டுப் போகும். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே ஏன் அலைய வேண்டும் என்று நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். புத்தி கெட்டுப்போன நேரம்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துணி சரிபார்க்கிறாள். துவைத்து வரும் படுக்கை விரிப்பை விளக்குக்கு நேரே பிடிப்பாள். கறை தெரிந்தால் அந்த மூலையில் ஒரு முடிச்சைப் போட்டு மறுபடியும் துவைக்க அனுப்பிவிடுவாள். என் கட்டுரைக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. காகிதத்தில் முடிச்சுப் போட முடியாததால் பக்கத்தின் மூலையை மடித்துவைத்தாள். முதல் பிரதியில் பதினோரு மூலைகள் மடங்கியிருந்தன.

"நான் எப்ப அழுதேன்?"

"நான் யுனிவர்சிட்டியில சேர்ந்த அன்னைக்கு."

"அன்னைக்குச் சோப்புத்தூள் கண்ணுல விழுந்துச்சு."

அழுகையை எடுத்தேன். இரண்டாம் பிரதியில் அவள் சிரித்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தேன்; பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மடித்தாள். மூன்றாவதில், சித்தியோடு போட்ட சண்டையை நீக்கச் சொன்னாள். நீக்கினேன். உடனே, "இதுல வர்ற பொம்பளை யாரு? சண்டையே போட மாட்டாளா?" என்றாள். எனக்கு மண்டை காய்ந்துபோனது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஐந்தாம் பக்கத்தை மட்டும் அவள் மடிக்கவேயில்லை. மேற்பார்வையாளர் பதவிக்கான எழுத்துத் தேர்வில் அம்மா தோற்றுப்போனதைச் சொல்லும் பக்கம் அது. எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கட்டுரை முழுவதையும் அந்தத் தோல்வியின் மேல்தான் கட்டியிருந்தேன். இதையாவது மறைக்காமல் ஒத்துக்கொள்கிறாளே என்று அவள்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். மூன்று மணிக்கு நான்காம் பிரதியோடு சலவைக்கூடத்துக்கே ஓடினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பக்கத்து மேஜையில் இஸ்திரி போடும் அக்கா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பெயிலுன்னு எழுதியிருக்கு? அப்ப ஒம்பது நாள் சூப்பர்வைசரோட அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்திருந்தது யாரு?"

அம்மா முறைத்தாள். "உன் வேலையைப் பாரு."

"பாஸ் பண்ணியாம்மா?" என்றேன்.

"முதல் மார்க்கு," என்றாள் இஸ்திரி அக்கா, முறைப்பைச் சட்டை செய்யாமல். "ஒம்பதாவது நாள் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு இங்க வந்து நின்னாங்க."

"ஏம்மா?"

"அடுத்தவங்க வேலை செய்யுறதைப் பாத்துக்கிட்டு இருக்குறதுதான் அங்க வேலை. கையில துணி இல்லாம என்னால உக்கார முடியல."

"அப்ப ஏன் வீட்டுல தோத்துட்டேன்னு சொன்ன?"

"தோத்துட்டேன்னா பாவம்னு விட்டுடுவாங்க. வேண்டாம்னு விட்டுட்டேன்னா, உன் சித்தி ஆயுசுக்கும் என்னைப் பைத்தியம்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சோப்புத்தூளுக்கும் பல்லுக்கும் மூலை மடித்தவள், இந்த முழுப்பொய்யை நாலு தடவையும் மடிக்காமல் விட்டிருக்கிறாள். மாற்றி எழுதுகிறேன் என்றேன். மாற்றினால் கையெழுத்துக் கிடையாது என்றாள். மணி மூன்றரை ஆகிவிட்டது. அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, 'இதில் உள்ளது உண்மை' என்பதற்குக் கீழே, கொஞ்சமும் கூசாமல் கையெழுத்துப் போட்டாள்.

"ஓடு. ஆபீஸ மூடிடுவாங்க."

ஓடினேன். கொடுத்தும்விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் துணைப்பாடம் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: 'தோல்வியை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பக்கம் இந்த வருடம் வேறு எதிலும் இல்லை.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"பாத்தியா," என்றாள். "நான் பாஸானதை எழுதியிருந்தா நீ பெயிலாகியிருப்ப."