மலையடி மணல்

ஒரு பிடி ஈர மணலை என் ஓரகத்தி உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டு நின்றது. விரலை விரித்த பிறகும் உதிரவில்லை. தை மாதத்துக் காலை வெயில் திருத்தணி மலையில் பாதிதான் இறங்கியிருந்தது. அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் அப்படியே இருக்கிறது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. பிறந்தது அம்மையார்குப்பம். எங்கள் சனத்தில் ஏர் பிடிக்கிறவர்களும் உண்டு, தறி போடுகிறவர்களும் உண்டு. நான் ஏர் வீட்டுப் பெண், அவள் தறி வீட்டுப் பெண். கொழுந்தன் சின்ன வயசிலேயே பட்டணத்துக்கு வேலைக்குப் போனவன். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவந்த வருஷம் அவனும் அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். மாமனார் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு புகைந்தது. பாகம் பிரிப்பது என்று முடிவாயிற்று.

இருந்தது இரண்டு நிலம். ஊரை ஒட்டிச் செம்மண் கொஞ்சம். மலையடியில் மணல் நிலம், அளவில் அதைவிடப் பெரிசு. மணல் நிலத்தை மாமனார் கடைசிக் காலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினார். ஏன் மலிவு என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு போகத்தில் தெரிந்துபோயிற்று. மேலே பார்த்தால் மாவு மாதிரி மணல், கலப்பை வழுக்கிக்கொண்டு போகும். மூன்றடிக்குக் கீழே பாறை. அதுவும் மணல் இறுகிக் கல்லான பாறை, நடுவில் குழிந்து தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. மழை பெய்தால் மணல் உடனே குடித்துவிடும். பார்க்கிறவர்கள் தண்ணீர் வடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அது எங்கும் போகாது. பாறைமேல் நின்று, நாளுக்கு நாள் மேலே ஏறி, வேரைக் கழுத்து வரைக்கும் முழுக வைக்கும். வேர்க்கடலை மேலே பச்சையாக இருக்கும்போதே கீழே காய் அழுகும். சித்திரையில் அதே மணல் வறுக்கிற சட்டி மாதிரி காயும். தண்ணீர் வேண்டாத காலத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய காலத்தில் கைவிரிக்கிற மண் அது.

அந்த மண் நல்ல மண்ணாகத் தெரிகிற மாதம் ஒன்றுதான், தை. அப்போது செம்மண் மேலே காய்ந்து கட்டிதட்டிக் கிடக்கும். மணல் மட்டும் முழங்கை ஆழத்துக்கு ஈரமாக இருக்கும்.

தையில் பாகம் பிரிக்கலாம் என்று சொன்னது நான்தான். மூத்தவன் பங்கு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான், எங்கள் பக்கத்து வழக்கம் அது. மூத்தவன் வஞ்சனை செய்யக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அந்த மண்ணப் பத்தி ஒரு வார்த்த சொல்லிடலாமே," என்றார்.

"கேட்டா சொல்லு. கேக்காதவங்களுக்கு இன்னாத்துக்கு?"

"பாவம், ரெண்டும் ஒண்ணும் தெரியாத ஜென்மம்."

"நமுக்கு மட்டும் யாருனா சொன்னாங்களா? ரெண்டு வருஷம் என் முதுகு போச்சி. இனிமே வேற யார் முதுகுனா போவட்டும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நிலம் பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாள் நான் ஆட்டுக்குப் புல் என்று சொல்லி மலையடிக்குப் போனேன். மணலில் அங்கங்கே கோரை முளைத்திருந்தது. தண்ணீர் தேங்குகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற புல் கோரை. பொழுது சாய்கிற வரைக்கும் குனிந்து ஒன்று விடாமல் பிடுங்கினேன்.

மறுநாள் கொழுந்தன் வரப்பில் நின்று அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் உட்கார்ந்து கையால் தோண்டினாள். முழங்கை வரைக்கும் விட்டு ஒரு பிடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, தறிக்குழி இப்டித்தான் சில்லுனு இருக்கணும்னு எங்க நைனா சொல்லுவாரு. காஞ்ச குழின்னா இழை அறுந்துகினே இருக்கும். இது நல்ல மண்ணு தான?"

அவள் கேட்டுவிட்டாள். கேட்டால் சொல் என்று நானே என் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"கையில வெச்சினு கீறியே," என்றேன். "உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப்போவுது?"

அவளுக்கு அது பெருமையாகப் போயிற்று. புருஷனைத் திரும்பிப் பார்த்து, "இதையே எடுத்துக்கலாங்க," என்றாள்.

ஆடியில் கடலை போட்டார்கள். செடி நன்றாகத்தான் வந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் இலை மஞ்சளாயிற்று. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய், குழி தோண்டித் தோண்டித் தண்ணீரை இறைத்தாள். இறைத்த குழி அவள் கண்ணெதிரிலேயே மறுபடி நிரம்பியது. கொழுந்தன் கால்வாய் வெட்டக் கடப்பாரை போட்டான். கல்லில் பட்டு ணங்கென்று கை அதிர்ந்ததாம். எங்கள் வீட்டுக்கு வந்து, "கீழ கல்லு கீது அண்ணே," என்றான். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

"கல்லு இல்லாத பூமி எங்கடா கீது? மேல வெளையறது கைராசி."

அந்தச் சொல் எனக்கே பிடித்துப்போயிற்று. பொதுக் கிணற்றில் நாலு பெண்கள் இருக்கும்போது மறுபடி சொன்னேன். எங்களுக்கு மூட்டை மூட்டையாகக் காய்த்த மண், அவள் கை பட்டதும் அழுகிவிட்டது என்றேன். அங்கே நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் கடலை அழுகியதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

"தறிக்கோலு புடிச்ச கை, கடலைய நெய்ஞ்சிட்டா போலக் கீது," என்றாள் அதில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றாள். சாயம் ஏறின, நீளமான விரல்கள்.

அடுத்த வருஷமும் போட்டார்கள், அடுத்த வருஷமும் அழுகியது. அதற்குப் பிறகு அவள் அப்பன் வீட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார்கள் இரண்டு பேரும். நாங்கள் செம்மண்ணில் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மணலில் இப்போது மனை போட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வாசலில் கல் போட்டுத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். புரோக்கர் அவர்களுக்கு எந்த மாதத்தில் காட்டினானோ. நான் அழுதுகொண்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது. அந்த மண்ணை அவர்கள் தலையில் கட்டியதற்கு மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று.

சுதந்திரம் வந்த பிறகு நாத்தனாருக்குக் கல்யாணம். அம்மையார்குப்பத்திலிருந்து ஓரகத்தி வந்தாள், தானே நெய்த புடவையோடு. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் பாலிகை தெளிக்க வேண்டும். மண் சட்டிகளில் மணலும் எருவும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைச் சுமங்கலிகள் தூவுவார்கள். முளை எப்படி வருகிறதோ அப்படித் தழைக்கும் குடும்பம் என்று கணக்கு. மூத்த அண்ணி நான், சின்ன அண்ணி அவள். நான் தூவிவிட்டு, தானியக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கை வாணாம் அக்கா. மொளைக்காது."

கல்யாணப் பெண் என்னைப் பார்த்தாள். ஓரகத்தி குரலில் குத்தல் இல்லை, அழுகை இல்லை. தன் ஊர்ப் பேரைச் சொல்வது மாதிரி சொன்னாள். வீட்டில் ஒரு துளசிகூட வைப்பதில்லையாம், கொழுந்தன்தான் வைப்பானாம்.

ஒரு வார்த்தை போதும். மண் அப்படி, உன் கை இல்லை என்று சொன்னால் முடிந்தது. கிண்ணம் என் கையில் கனத்தது. இத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

"ஆங், அதுவும் சரிதான்," என்று சொல்லி, கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பாலிகை விரற்கடை உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நெருங்கி நின்றது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு மூத்த அண்ணி கையென்றால் கைதான் என்றார்கள். அவளும் சொன்னாள்.