ஓட்டைக் காசுக்காரர்

துளையிட்ட நாணயம் போட்டியில் ஏற்கப்படாது என்பது விதி. தெமியாங் என்ற ஊரில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு என்னை அழைத்துப்போன நண்பர் அங்கே நடுவர். அதைச் சொல்லித்தான் ஒரு மனிதரின் காசுத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளுத்த தொழிற்சாலைச் சட்டை, பெரிய கைகள். தட்டு நிறைய, ரப்பர்த் தோட்டத்துக் குழந்தைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டிய வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றையும் எடுத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டே கீழே வைத்தார்.

“ராஜா மூஞ்சியே தேஞ்சி போச்சே, அண்ணே” என்றார் நண்பர்.

“எத்தன பிள்ளைங்க வயித்துல உரசிருக்கு? ராஜாவா இருந்தாலும் தேயத்தான் செய்வாரு. தோட்டத்த வித்தப்ப ஆளாளுக்கு என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. பரிசு வேணாம் சார், ஒரு மேச குடுங்க. அந்தப் பிள்ளைங்க யாராச்சும் வந்து பாக்கட்டும்லா.”

ஒன்றை வாங்கிப் பார்த்தேன். முகமில்லாத அந்த வெள்ளி, குழந்தையின் தோல் போல வழுவழுப்பாக இருந்தது. அலுவலகத்தில் விதிகளையே பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நேரம் ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை.

அவருக்கு மேசை கேட்டு, கண்காட்சி நடத்தும் சங்கத்துக்கு அன்றே எழுதினேன். மறுப்பு என்றால் மறு தபாலிலேயே வரும் என்பது என் அனுபவம். அப்படி எதுவும் வராததால் நம்பிக்கையோடு காத்திருந்தேன். அடுத்த கண்காட்சியில் அவருக்கு மேசை உண்டு என்ற பதில், தைப்பூசத்துக்கு மறுநாள் வந்தது.