கும்பிட்டதோடு முடிந்த கூட்டம்

வடகரப்பதியில் எங்கள் வயல் கடைமடை. வாய்க்கால் தண்ணீர் மேலே எல்லாருக்கும் பாய்ந்து மிஞ்சினால்தான் எங்களுக்கு வரும். அந்த வருடம் நெல் பால் பிடிக்கிற நேரம். ஒரு நனைப்பு கிடைத்தால் போதும். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை கேட்பதற்குப் பாசன ஆபீசில் கூட்டம் வைத்தார்கள், கைபேசியில்.

அதற்கு முன்னாலும் அப்படி நடந்ததுண்டு. மகள் கூப்பிடுகிற மாதிரியே மணி அடிக்கும். பச்சையைத் தொட்டால் முகம் வரும், பேச்சும் வரும். இந்தத் தடவை ஆபீசில் வேறொரு ஆப்புக்கு மாற்றிவிட்டார்கள். அதில் பேர் போட வேண்டும், எண் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். மகள் வந்தபோது போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே போவது வரை பழகிக்கொண்டேன்.

கிணற்று மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். மோட்டார் ரூம் ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்தேன்.

"கடமடைக்காரர் பறயூ," என்று மலையாளத்தில் என்னைப் பேசச் சொன்னார் ஆபீசர்.

எழுந்து நின்றேன். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தேன். எந்தக் கூட்டத்திலும் அப்படி நின்றுதான் பேசுவோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க வேட்டிதானுங்க தெரியுது. வேட்டிக்கா தண்ணி கேக்கறீங்க? உக்காருங்க."

உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"சேட்டா, ஒண்ணும் கேக்கான் இல்ல," என்றார் அவர்.

கத்தினேன். தென்னையில் இருந்த காக்கா பறந்தது.

"காக்காய்க்குக் கேட்டிருச்சுங்க. அவருக்குத்தான் கேக்கலை," என்றாள்.

உள்ளே போனதுமே நம் பேச்சை அது அடைத்துவிடுமாம். கீழே மைக் படத்தைத் தொட்டால்தான் திறக்குமாம். திரையைத் தொடாவிட்டால் அந்தப் படமும் மறைந்துவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"பராதி ஒண்ணும் இல்லல்லோ?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லையே என்று.

பேச்சு போய்ச் சேராதவன் வேறென்ன செய்வான்? இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டேன். தண்ணீர் விடுங்கள் சாமி என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவரும் சிரித்துக் கும்பிட்டார். "சந்தோஷம்," என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் வாய்க்கால் ஷட்டர் திறக்கிறவரிடம் போய் நின்றேன்.

"நீங்க கும்புட்டு ஒத்துக்கிட்டீங்களாமா. மேல்மடைக்காரங்களுக்கே முறை போட்டாச்சுங்க. நா என்னங்க பண்றது?"

அவர் மேல் தப்பில்லை. ஆபீசுக்குப் போன் போட்டேன். அடுத்த கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள்.

பேச எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு எதை வைப்பது என்று முடிவு செய்தவர், கடைமடைக்காரன் அதை எப்படித் தொடுவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பச்சையைத் தொட்டால் பேச்சு வருகிற ஒன்று போதும் எங்களுக்கு.

அடுத்த கூட்டத்துக்குச் செய்தி வந்தபோது நெல் பதராகி நின்றது. மனைவி மாட்டை அவிழ்த்து வயலுக்குள் விட்டாள். நான் தடுக்கவில்லை.